மலைக்கு வேலி போட்ட ஊர்

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் புத்தகத்தை எழுதிய மனுசன் நாவற்புலத்துக்கு வந்து அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் குடிக்க ஒரு செம்பு தண்ணீர் கிடைத்திருக்காது. ஊருக்குக் கிழக்கே, தோட்டங்களுக்கும் கடலுக்கும் நடுவில், தென்னைமர உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று படுத்துக்கிடந்த மணல்மேட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் மலை. கண்டிக்குப் போய் வந்த எவராவது அங்கத்தைய மலைகளைப் பற்றி அளக்கத் தொடங்கினால், "ஓம், உயரம்தான். ஏறி நிண்டால் கடல் தெரியுமோ?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவார்கள்.

மலைக்கு இந்தப் பக்கம் நாவற்புலம். வெங்காயம், மிளகாய், புகையிலை, ஒரு பிள்ளையார் கோயில். அந்தப் பக்கம் அந்தோனியார்துறை. கரைவலை, வள்ளம், கருவாடு, ஒரு தேவாலயம். உச்சியின் வழியே அரசாங்கத்தின் எல்லைக்கோடு ஓடியது. இந்தச் சரிவு ஒரு கந்தோரின், அரசாங்க அலுவலகத்தின், பிரிவு, அந்தச் சரிவு இன்னொரு கந்தோரின் பிரிவு. கோடு கடதாசியில்தான். மாடுகள் இரண்டு பக்கமும் மேய்ந்தன. கடலுக்குப் போனவர்கள் அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினார்கள். மாரியில் பெய்த மழையெல்லாம் அந்த மணலுக்குள் இறங்கி, இரண்டு ஊர்க் கிணறுகளிலும் இளநீர் போலத் தண்ணீராக ஊறியது. சுற்றுவட்டாரத்தில் மணல்மேட்டை வெட்டி விற்ற ஓர் ஊர் இருந்தது. அங்கே இப்போது தேத்தண்ணீர் வைத்தாலும் உப்புக் கரிக்கும்.

இந்தக் கதை நடந்தபோது குணலட்சுமி நாவற்புலத்து மாதர் சங்கத்தின் தலைவி. மலையடியில் வெங்காயத் தோட்டம், யாருக்கும் அஞ்சாத நாக்கு, புருசன் போய்ச் சேர்ந்த பிறகு தனியாகத் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த கால்கள். அவளுக்கு ஒரு அண்ணை, சோமசேகரம். நல்ல மனுசன்தான், ஆனால் வேலிப் பைத்தியம். ஒரு வேலிக் கதியால் அரை அடி தள்ளி நட்டுவிட்டார்கள் என்று வழக்குப் போட்டுச் சாவகச்சேரிக் கோட்டுக்கு ஏறி இறங்கி, கடைசியில் வழக்காடின அயலவனே பஸ்ஸில் அவருக்கு இடம் பிடித்து வைக்கும் அளவுக்குப் பழகிப்போனவர். ஊரில் யாரும் இதற்குச் சிரிப்பதில்லை. எல்லோருக்கும் அந்த நோய் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது.

எண்பத்துமூன்றாம் ஆண்டு, கொழும்பில் தமிழரை அடித்து விரட்டிய ஆடிக் கலவரம் முடிந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர்களில் குணலட்சுமியின் தங்கச்சி பத்மாவதியும் ஒருத்தி. கொழும்பில் கடை வைத்து வடிவாக இருந்த குடும்பம். புருசன் தியாகராசா, மூன்று பிள்ளைகள், உடுத்த துணி. அவ்வளவுதான் மிச்சம். படலையைத் திறந்து உள்ளே வந்த தங்கச்சியைப் பார்த்ததும் குணலட்சுமி ஓடினாள். "வாடி, வா. இனி உன்னை நான் எங்கையும் விடமாட்டன்" என்று சொல்லிக் கட்டிக்கொண்டாள்.

பத்மாவதி மட்டும் வரவில்லை. நாவற்புலத்தைச் சேர்ந்த எத்தனையோ குடும்பங்கள் அப்படி வெறுங்கையோடு வந்து, உறவினர் வீட்டு விறாந்தைகளில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. கோயில் மடத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். வந்தவர்களை எங்கே குடியிருத்துவது என்பதுதான் கதை. இருக்கிற காணியெல்லாம் தோட்டமும் வளவுமாக வேலி போட்டு அடைபட்டுக் கிடந்தது. வேலியில்லாமல் கிடந்தது ஒன்றே ஒன்று.

"மலையிருக்கு" என்றார் ஒருவர். "எங்கடை பக்கச் சரிவைத் துண்டு போட்டுக் குடுப்பம்."

கூட்டம் முழுக்க ஓம் போட்டது. குணலட்சுமி மட்டும் மனதுக்குள் கணக்குப் போட்டாள். அத்தனை வீடு, அத்தனை மலக்குழி, அத்தனை கிணறு. அந்த மணலுக்குள் இருக்கிற நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்குத் தாங்கும்? போதாக்குறைக்கு, செய்தி உச்சியைத் தாண்டி அடுத்த பக்கம் போயிற்று. நாவற்புலத்தார் தங்கள் பக்கத்தில் வீடு கட்டினால் நாங்கள் எங்கள் பக்கத்து மணலை லொறிக்கு விற்போம் என்று அந்தோனியார்துறை இளந்தாரிகள் சொல்லத் தொடங்கினார்கள். கொழும்பிலிருந்து திரும்பி வந்தவர்கள் யாழ்ப்பாணம் எங்கும் வீடு கட்டிக்கொண்டிருந்த காலம். மணலுக்கு அப்படி ஒரு கிராக்கி.

அன்றைக்குக் குணலட்சுமி வீட்டுக்கு வந்து வாயைத் திறந்ததும் தங்கச்சியோடு சண்டை பிடித்துக்கொண்டது.

"மலையிலை வீடு கட்ட விடக்கூடாது, பத்மா. தண்ணி போயிடும்."

"அப்ப நாங்கள் எங்கை போறது, அக்கா? உன்ரை விறாந்தையிலை எத்தினை நாளைக்குக் கிடக்கிறது?" பத்மாவதியின் குரல் உடைந்தது. "மணலுக்கு இருக்கிற இடம் எனக்கில்லையோ?"

அந்தக் கேள்வி நியாயமான கேள்வி, அதுதான் குணலட்சுமியைக் குத்தியது. மலையைக் காப்பாற்றினால் தங்கச்சி தெருவில். தங்கச்சியைக் காப்பாற்றினால் ஊர் முழுக்க உப்புத் தண்ணீர். இரண்டில் ஒன்றை விட அவளுக்கு மனமில்லை.

விடிந்ததும் மலையேறி அந்தப் பக்கம் இறங்கினாள். சந்தியோகு சம்மாட்டியார் கடற்கரை வாடிக் கொட்டிலில் வலை பார்த்துக்கொண்டு நின்றார். கரைவலைக்குச் சொந்தக்காரர், ஆள் பனை மாதிரி, குரல் அதைவிடப் பெரிது. அவர் மெதுவாகக் கதைத்தாலே உச்சியில் மேய்கிற மாடு திரும்பிப் பார்க்கும்.

"சம்மாட்டியார், உங்கடை பக்கம் நீங்கள் வெட்டினால் எங்கடை கிணறு உப்பாகும். எங்கடை பக்கம் நாங்கள் குடியிருந்தால் உங்கடை தண்ணி ஊத்தையாகும். கோடு ரெண்டாக்கினாலும் மலை ஒண்டுதானே?"

சந்தியோகு வலையைக் கீழே போட்டார். "தங்கச்சி, இதை நான் எங்கடை பொடியளுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போச்சு. நீங்கள் வந்து கேட்டது எனக்குப் பெரிய உதவி. ஒரு மலைக்கு ரெண்டு கணக்கு வேண்டாம். வாருங்கோ, ரெண்டு ஊரையும் மேலை ஏத்துவம்."

ஏற்றினார்கள். அதுவே ஒரு அதிசயம். கல்யாணம், செத்தவீடு எதற்கும் ஒன்றாக இருந்திராத இரண்டு ஊர் ஆட்கள் உச்சியில் காற்றுக்குள் நின்று, கீழே இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பார்த்தார்கள். இந்தப் பக்கத்துக்காரருக்கு அந்தப் பக்கத்துக் கிணறுகள் தெரிந்தன. அந்தப் பக்கத்துக்காரருக்கு இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் தெரிந்தன. மலையில் கட்டுவதில்லை, வெட்டுவதில்லை என்று இரண்டு ஊர்ச் சங்கமும் ஒன்றாக முடிவெடுத்தன. வந்த குடும்பங்களுக்கு இடம் பிறகு பார்ப்போம் என்றார்கள். அந்தப் 'பிறகு' என்ற சொல் குணலட்சுமிக்கு முள்ளாய்த் தைத்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்து இறங்கப்போகும் நேரத்தில் சோமசேகரம் தொண்டையைக் கனைத்தார்.

"எல்லாம் சரி. பாதுகாக்கிறதெண்டு சொல்லிப்போட்டுத் திறந்து விட்டால் ஆர் மதிப்பான்? லொறிக்காரன் வருவான். வேலி போடவேணும்."

ஐயோ, அந்தச் சொல்லைக் கேட்டதும் நாவற்புலத்தாரின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்கவேண்டும்! வேலி! இது ஏன் முதலே தோன்றவில்லை? காவல் என்றால் வேலி, மரியாதை என்றால் வேலி, சொந்தம் என்றால் வேலி. அந்தோனியார்துறையார் வேலிக்காரர் அல்லர், ஆனாலும் நல்ல மனத்தோடு சரி என்றார்கள். குணலட்சுமியும்தான் கைதட்டினாள். அவளும் அந்த மண்ணில் பிறந்தவள்தானே.

இரண்டு ஊரும் சேர்ந்து வேலை செய்தது கண்கொள்ளாக் காட்சி. மலையடியைச் சுற்றி நேராகக் கயிறு பிடித்தார்கள். கயிறு போன வழியில் படர்ந்துகிடந்த அடம்பன் கொடியையெல்லாம் வேரோடு வெட்டி ஒதுக்கினார்கள். இந்தப் பக்கம் கதியாலும் பனையோலையும், அந்தப் பக்கம் சவுக்கந்தடியும் பழைய வலையும். கோயிலில் சமைத்த சோறு மலைக்கு அந்தப் பக்கம் போயிற்று, அங்கே பொரித்த மீன் இந்தப் பக்கம் வந்தது. மாரி தொடங்குமுன் வேலை முடிந்தது. சோமசேகரம் ஓலை ஓலையாகத் தடவிப் பார்த்து, "இந்த வேலியிலை ஒரு பூனை போகட்டும் பாப்பம்" என்றார்.

தை பிறந்து மழை விட்டது. காய்ந்த வாடைக்காற்று கடலிலிருந்து அடிக்கத் தொடங்கியது. காலங்காலமாக அடித்த அதே காற்றுத்தான். ஆனால் இந்த முறை மலை எழும்பி நடந்தது.

அந்தப் பக்கத்து அடிவாரத்தில் மணல் கரைந்து சவுக்கந்தடிகள் பல்லாடுவதுபோல ஆடின. இந்தப் பக்கத்து வேலியில் மணல் வந்து குவிந்தது, குவிந்து ஓலையை மூடியது, மூடி மேலால் வழிந்தது. குணலட்சுமியின் வெங்காயப் பாத்திகள் ஒரு கிழமைக்குள் வெள்ளையாகிப் போயின. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கலங்கி, மணல் படிந்து, துலாவில் ஏறி வந்த வாளியில் பாதி சேறு. அப்படியே கிணற்றுக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

சண்டை வராமல் இருக்குமா? அந்தோனியார்துறைப் பொடியன்கள் உச்சியில் ஏறி நின்று கத்தினார்கள். "எங்கடை பக்கம் மலை குறையுது, உங்கடை பக்கம் கூடுது! வேலியைப் போட்டு மலையையே களவெடுத்துப் போட்டியள்!"

"கோதாரி விழுந்த உந்த மணல் ஆருக்கடா வேணும்? கொண்டு போங்கோடா!" என்று நாவற்புலத்தார் கீழே நின்று கத்தினார்கள். வேலியை அரக்கி நகர்த்திக் காணி பிடித்த கதை அந்த ஊருக்குப் புதிதில்லை. வேலி போட்டு மலையைப் பிடித்த பழி மட்டும் இப்போதுதான் வந்து சேர்ந்தது. இதுதான் சாட்டென்று பழைய கதை திரும்பவும் கிளம்பியது. உச்சியோடு பிரித்துவிடுவோம், அவரவர் பக்கத்தை அவரவர் விரும்பியபடி செய்யட்டும். லொறிக்காரர்கள் மறுபடி வந்து எட்டிப் பார்த்தார்கள். பத்மாவதி அக்காவோடு சேர்ந்து பாத்தியிலிருந்த மணலைக் கடகத்தில் அள்ளிக் கொட்டினாள்.

மீன் விற்க நாள்தோறும் இந்தப் பக்கம் வருகிறவள் மார்கிரட், சந்தியோகுவின் மனைவி. சண்டைக்குள்ளும் வந்தாள். அன்றைக்குத்தான் குணலட்சுமிக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

"நில்லு, மார்கிரட். மலையைச் சுத்தி வேலி. நீ எந்த வழியாலை வாறனி?"

மார்கிரட் வெட்கத்தோடு சிரித்தாள். "ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதை, குணம். தலையிலை மீனோடை ஆர் மலையைச் சுத்தி நடக்கிறது? வேலி கட்டேக்கை நாங்கள் பொம்பிளையள் சேந்து ரெண்டு பக்கமும் ஆள் நுழையிற ஒவ்வொரு பொட்டு விட்டனாங்கள். அப்ப ஓலை சாத்தி மறைச்சதாலை ஆம்பிளையளுக்குத் தெரியாது."

"காட்டு, பாப்பம்."

இரண்டு பேரும் போனார்கள். வேலியில் ஒரு ஆள் கடகத்தோடு நுழையும் அகலத்துக்கு இடைவெளி. அங்கே யாரும் கயிறு பிடிக்கவில்லை, வெட்டவில்லை. அடம்பன் கொடி முன்பு கிடந்தபடியே ஊதாப் பூவோடு படர்ந்து கிடந்தது. அதன்மேல் வாடை ஓவென்று அடித்தது. ஒரு பிடி மணல் அசையவில்லை. இரண்டு முழம் தள்ளி, வெட்டிய இடத்தில், மணல் புகைபோல எழும்பிப் பறந்தது. குணலட்சுமி குனிந்து ஒரு கொடியை இழுத்துப் பார்த்தாள், வேர் மணலை விடவில்லை.

"அட கடவுளே," என்றாள் குணலட்சுமி. "வேலி போட எண்டு நாங்கள்தான் மலையின்ரை வேரைப் புடுங்கிப்போட்டம்."

மார்கிரட் ஓடிப்போய்ப் புருசனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிறகு நடந்தது, இந்த இரண்டு ஊரையும் கையெடுத்துக் கும்பிட வைக்கிற காரியம். மறுபடியும் எல்லோரும் உச்சியில் கூடினார்கள். ஏச்சுக் குறையவில்லை, ஆனால் ஏசிக்கொண்டே கூடினார்கள். சோமசேகரம் கீழே இறங்கி அந்தப் பொட்டைக் குனிந்து கனநேரம் பார்த்தார். மனுசனுக்கு முகம் கறுத்துப்போயிற்று. பிறகு தான் நட்ட முதல் கதியாலைக் கட்டிப்பிடித்து ஆட்டிப் பிடுங்கினார். அவர் பிடுங்கியதைப் பார்த்த பிறகு யாருக்கு வாய் வரும்? இரண்டு பக்கமும் வேலி விழுந்தது. விழுந்த இடமெல்லாம் ஈரமுள்ள நேரம் பார்த்து அடம்பன் கொடியைக் கொண்டுவந்து ஊன்றினார்கள், குழந்தைகளும் பெண்களும் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள்.

ஆனால் அந்தப் 'பிறகு' இன்னும் பாக்கி கிடந்தது. குணலட்சுமி அதை விடவில்லை. அடுத்தமுறை உச்சியில் கூடியபோது எல்லோர் முன்னாலும் எழும்பி நின்றாள்.

"மலையிலை வீடு வேண்டாமெண்டு முதல் சொன்னது நான். அப்ப முதல் குடுக்கிறதும் நான்தான். என்ரை வெங்காயத் தோட்டத்திலை பாதி என்ரை தங்கச்சிக்கு. ஆரார் வீட்டு விறாந்தையிலை சனம் கிடக்குதோ, அவையும் யோசியுங்கோ."

பரம்பரைக் காணி, லேசுப்பட்ட கதையா? முதலில் வாய் திறந்தது சந்தியோகு. கீழே கடற்கரைப் பக்கம் தனக்குச் சொந்தமான தென்னங்காணியைக் காட்டினார்.

"அது நான் வலை காயப்போடுற காணி. மலை இப்பிடித் திறந்து கிடந்தால் வலையை நான் மலையிலை காயப்போடலாம். பேந்து அந்தக் காணி எனக்கு என்னத்துக்கு? வாற சனத்துக்குக் குடுக்கிறன். ஆர் எண்டாலும் சரி, எந்தக் கோயிலெண்டாலும் சரி."

அந்தப் பெரிய குரலுக்குள் இருந்த கணக்கு அப்போதுதான் எல்லோருக்கும் பிடிபட்டது. மலை எல்லோருக்கும் திறந்து கிடந்தால், ஒவ்வொருவனும் தன் வளவுக்குள் தனியாக அடைத்து வைத்திருக்கிற இடம் மிச்சமாகும். மாட்டுக்கென்று காணி விட்டு வைத்திருந்தவர் மாட்டை மலைக்கு விடலாம் என்றார். ஒருவர் கொடுத்தார். இன்னொருவர் மனைவியைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். ஒருவர் முள்ளுப்பற்றையாகப் பார்த்துக் கொடுத்தார், அதையும் சனம் கைதட்டி வாங்கிக்கொண்டது. மாடு எங்கே, வலை எங்கே, மீன்காரப் பெண்கள் போகிற வழி எங்கே என்று நடந்து நடந்து பேசி முடித்தார்கள். ஒரு ஊர் தனியாக எதையும் மாற்ற முடியாது, இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் என்று இரண்டு சங்கமும் தீர்மானம் போட்டன. இரண்டு கந்தோருக்கும் இரண்டு ஊர் அதிகாரிகளான விதானைமாரும் ஒன்றாகவே போனார்கள். சமாதானம் என்ற சொல்லைக் கேட்டாலே கசந்த காலத்தில், நாட்டில் எல்லாரும் கோடு கிழித்துக்கொண்டிருந்தபோது, இந்தச் சனம் இருந்த ஒரு கோட்டை அழித்ததே! நினைத்தால் இன்றைக்கும் உடம்பு புல்லரிக்கும்.

அடுத்த நாளே குணலட்சுமி தோட்டத்தில் பாதியை மண்வெட்டியால் அடையாளம் செய்து, தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டினாள். பத்மாவதி பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"வேண்டாம், அக்கா. நாங்கள் அங்காலை போறம். சம்மாட்டியாரின்ரை காணிக்கு. அந்தப் பக்கம் ஒரு கடை இல்லை, இவரைக் கடை போடச்சொல்லி அவை கேக்கினம்."

குணலட்சுமிக்குத் தலையில் இடி விழுந்தது. சாதி பார்த்து அந்தப் பக்கத்து வீடுகளில் வாய் நனைக்காத குடும்பம் அவர்களுடையது. மீன் வாங்கலாம், மலையில் கூடலாம். அங்கே போய்க் குடியிருப்பதா?

"விசரே உனக்கு? சனம் என்ன சொல்லும்? நான் உனக்கெண்டுதானே இவ்வளவு பாடும் பட்டனான்! என்னட்டை இருக்காமல் அங்கை போறன் எண்டுறாய்!"

"கோவிக்காதை, அக்கா. இருந்து கேள்." பத்மாவதி கிணற்றுக்கட்டில் அவளை இருத்தித் தானும் பக்கத்தில் இருந்தாள். அவள் கொழும்பைப் பற்றி அதுவரை வாய் திறந்ததே இல்லை. "அண்டைக்கு எங்கடை தெருவுக்கை அவங்கள் வந்தபோது நான் பின்பக்கம் ஓடினன். எல்லா வளவுக்கும் மதில். உயர்ந்த மதில். மூண்டு பிள்ளையளோடை அடியிலை நிண்டு குளறினன். அங்காலை இருந்த சிங்களப் பொம்பிளைதான் ஏணி வைச்சு ஏறி, ஒண்டொண்டாய்ப் பிள்ளையளைத் தூக்கி எடுத்தவ. அவவின்ரை வீட்டிலை சோறு தின்னேக்கை நான் சாதி கேக்கேல்லை, அவவும் கேக்கேல்லை."

குணலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மதிலை நான் இன்னும் கனவிலை காணுறன், அக்கா. மலை திறந்து கிடக்கட்டும் எண்டு நீ நிண்டபோது எனக்கு உன்னிலை எவ்வளவு கோவம். பேந்து அண்டைக்கு மேலை ஏறி நிண்டு பாத்தன். அங்காலை இருந்து உன்ரை கிணத்தடி வரைக்கும் ஒரு வேலியுமில்லை. ஓடி வரலாம். எனக்கு உன்ரை தோட்டம் வேண்டாம். எனக்கும் உனக்கும் நடுவிலை ஒண்டும் இல்லாமல் வைச்சிரு. எனக்கு அது போதும்."

குணலட்சுமி தங்கச்சியின் தோளில் முகத்தைப் புதைத்து விம்மி விம்மி அழுதாள். அழுது முடிந்ததும் சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பி, தன் கூரைக்கென்று பின்னி வைத்திருந்த தென்னங்கிடுகுகளைக் கட்டி அவள் தலையில் ஒரு கட்டும் தன் தலையில் ஒரு கட்டும் ஏற்றினாள்.

"நட," என்றாள். "வெய்யில் ஏறமுதல் கூரையைப் பாப்பம்."